ஒரே போன், இரண்டு மொழிகள்: ஜெர்மனும் ஜப்பானியமும் வீட்டிலிருந்தே படிக்க முடியுமா?

குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு செவிலியர் கேட்டிருந்த கேள்வி இது. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுத் திருவாரூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். ஜெர்மனி போக ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும் என்கிறார்கள் (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறுகிற படிகளில் நான்காவது). டிப்ளமோ முடித்த தம்பிக்கு ஜப்பான் ஆசை, அவனுக்கு ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 வேண்டும் (என்5 முதல் படி, என்4 அதற்கு அடுத்தது). வகுப்பு என்றால் திருச்சி அல்லது சென்னை. மூன்றே மாதத்தில் பி2 முடித்துத் தருகிறோம் என்று ஒரு பயிற்சி மையம் பெரிய தொகை கேட்கிறது. வீட்டில் உருப்படியான போன் ஒன்றுதான். “ஆப் மட்டும் வைத்துப் படித்துத் தேற முடியுமா? எந்த ஆப் நல்லது?” என்பது கேள்வி.

நான் கும்பகோணத்தில் பதினான்கு வருடமாக ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். ஜப்பானிய மொழியைப் பின்னால், நாற்பது வயதுக்கு மேல்தான் படித்தேன், என்3 வரை. என்னிடம் படித்த பெண்களின் தம்பிமார்கள் ஜப்பானியம் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள், அதனால் படித்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று மாதக் கணக்கை முடித்துவிடுவோம். பி1 நிலைக்கு 45 நிமிடப் பாடவேளை 350 முதல் 650 வரை ஆகும் என்று, ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற மாக்ஸ்முல்லர் பவனை நடத்தும் கதே நிறுவனமே சொல்கிறது. பி2-க்கு 600 முதல் 800. மணிக்கணக்கில் பார்த்தால் பி2-க்கு 450 முதல் 600 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டே தினமும் ஒன்றரை மணி நேரம் விடாமல் படித்தால் 300 நாளிலிருந்து 400 நாள் வரை. இது வகுப்பு நேரம் மட்டும், வீட்டுப்பாடம் தனி. குறுவை நெல் போல மூன்றரை மாதத்தில் அறுக்கிற பயிர் இல்லை இது. மூன்று மாதத்தில் பி2 என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். அசல் சான்றிதழ்களை “பத்திரமாக வைத்திருக்கிறோம்” என்று கேட்டால் அதையும் கொடுக்காதீர்கள். என் மாணவி ஒருத்தி கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க எட்டு மாதம் நடந்தாள்.

சரி, போனுக்கு வருவோம். ஜெர்மனில் ஏ2 வரைக்கும், ஜப்பானியத்தில் என்5 வரைக்கும் பெரும்பகுதியைப் போனை வைத்தே படிக்கலாம். அதற்கு மேல் உங்கள் பேச்சையும் எழுத்தையும் கேட்டு, பார்த்து, திருத்த ஒரு ஆள் வேண்டும். ஆனால் எந்த ஆப் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: எந்த மொழி வழியாகப் படிக்கப்போகிறீர்கள்? பெரும்பாலான ஆப்களும் யூடியூப் பாடங்களும் இங்கிலீஷ் வழியாகத்தான் ஜெர்மனைச் சொல்லிக்கொடுக்கின்றன. நாமும் வேறு வழியில்லை என்று நினைத்து, தமிழில் யோசித்து, இங்கிலீஷுக்கு மாற்றி, அங்கிருந்து ஜெர்மனுக்கு மாற்றுகிறோம். நன்னிலத்திலிருந்து கும்பகோணம் வர சென்னை போய்ச் சுற்றி வருவது மாதிரி இது. நேர் ரோடு இருக்கும்போது எதற்கு?

ஒரு உதாரணம். குளிரெடுக்கிறது என்று ஜெர்மனில் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் ‘ஐ ஆம் கோல்ட்’ என்று படித்த பிள்ளை ‘இஹ் பின் கல்ட்’ என்று சொல்லும். ஜெர்மன்காரர் காதில் அது ‘நான் ஈரமில்லாத மனுஷி’ என்பது போல விழும். சரியான வாக்கியம் ‘மிர் இஸ்ட் கல்ட்’. மிர் என்றால் எனக்கு. எனக்குக் குளிருது. அவ்வளவுதான், நம் வாக்கியம்! தலை வலிக்கிறது என்பதற்கும் அதே எனக்கு வருகிறது: ‘தேர் கொப்ஃப் டூட் மிர் வே’. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கும் மிர். குமட்டுகிறது என்பதற்கும் மிர். உடம்பும் மனசும் படுகிற பாட்டையெல்லாம் நாம் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம், பெரும்பாலும் அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். செவிலியருக்கு இதைவிடத் தேவையான இலக்கணம் எது? நோயாளியிடம் ‘டூட் ஈனென் எட்வஸ் வே?’ என்று கேட்க வேண்டும். ஈனென் என்றால் உங்களுக்கு. உங்களுக்கு எங்கேயாவது வலிக்குதா?

அந்த உங்களுக்கு என்பதிலேயே இன்னொரு லாபம். ஜெர்மனில் நீ வேறு, நீங்கள் வேறு: டூ, ஸீ. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே ‘யூ’ என்பதால் இங்கிலீஷ் வழியாகப் படிப்பவர்களுக்கு இது தனிப் பாடம். நமக்குப் பாடமே வேண்டாம். வயதான நோயாளியைப் போய் நீ என்று கூப்பிட நம் வாய் வராது. அதே காரணத்தால்தான் தமிழ் வாக்கியத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு ஜெர்மன் எடுக்காதீர்கள் என்று சொல்கிறேன். நீங்கள் என்று போட்ட இடத்தில் டூ வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மரியாதை வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கக் கருவியைப் பயன்படுத்துங்கள், வாக்கியம் கட்டுவதற்கு வேண்டாம்.

தம்பிக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழ் வழியின் முழு லாபமும் ஜப்பானிய மொழியில்தான் தெரியும்.

தமிழில் ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம். கண்ணால் பார்ப்பது இல்லை, முயன்று பார்ப்பது. ஜப்பானியத்தில் ‘தபேதே மிரு’. தபேதே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். ‘வாங்கி வை’ என்பதற்கு ‘கத்தே ஒகு’. கத்தே வாங்கி, ஒகு வை. நாளைக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டியே செய்து வைக்கிற அதே பொருள். ‘கொண்டு வா’ என்பதற்கு ‘மொத்தே குரு’, கையில் கொண்டு, வா. ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதற்கு ‘தபேதே ஷிமத்தா’, நம் ‘விடு’ நிற்கிற இடத்தில் அவர்களின் ஷிமவு. இங்கிலீஷ் வழிப் புத்தகங்கள் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் விளக்கம் எழுதும். தஞ்சாவூர்ப் பையனுக்கு ஒரு வரி போதும்: இது நம் வினையெச்சம், பின்னால் வருவது நம் துணைவினை.

இன்னும் இருக்கிறது. யார் என்பதோடு உம் சேர்த்தால் யாரும். அவர்களுக்கு ‘தரே’ என்றால் யார், ‘மொ’ என்றால் உம், ‘தரே மொ’ என்றால் யாரும். ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதில் உள்ள ‘என்று’ அப்படியே அங்கே ‘தொ’வாக இருக்கிறது, அதே இடத்தில். ‘நான் வாங்கிய புத்தகம்’ என்பதில் வாங்கிய என்பது புத்தகத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரியே ‘வதாஷி ga கத்தா ஹொன்’ என்று— இந்த இடத்தில் தமிழ் எழுத்து கைவிட்டுவிடுகிறது, அதைக் கீழே சொல்கிறேன்— அங்கேயும் முன்னால்தான் நிற்கும். இது, அது, எது என்பதற்கு கொரே, அரே, தொரே. நடுவில் ‘சொரே’ என்று ஒன்று உண்டு: கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவது. நாம் தொலைத்துவிட்ட ‘உது’ அது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு இரண்டு மொழியும் உறவு என்று முடிவு கட்ட வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படித்தான் சொன்னார், பல வருடம் அதற்காக உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருகிற மொழிகளுக்குள் இப்படி ஒற்றுமை இருப்பது உண்டு. உறவோ இல்லையோ, படிப்பவனுக்கு லாபம் லாபம்தான்.

எழுத்துக்கும் பயப்பட வேண்டாம். ஹிரகனாவில் அடிப்படை எழுத்துகள் 46. அட்டவணையின் மேல் வரிசை அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இந்த ஹ வரிசை ஒரு காலத்தில் ப-வாக இருந்தது என்று தெரிந்தால் நம் க ச த ந ப ம ய ர வ அப்படியே கண்ணில் படும். தற்செயல் இல்லை. பௌத்தத்தோடு போன சமஸ்கிருத எழுத்துப் படிப்பிலிருந்து வந்த வரிசை அது. ஒன்றாம் வகுப்பில் உயிர்மெய் அட்டவணை எழுதிய கைக்கு இரண்டு வாரம் போதும்.

அந்த இரண்டு வாரத்தைத் தவிர்க்கத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதிப் படிக்கிறார்கள். நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுவது வாசிக்கிற வசதிக்காக, தம்பி நோட்டில் இதைச் செய்யக் கூடாது. மேலே ஒரு இடத்தில் என்னால் தமிழில் எழுத முடியாமல் போனது அதனால்தான். ‘கங்கணம்’ என்பதில் முதல் க ஒரு ஒலி, இரண்டாவது க வேறு ஒலி. நமக்கு எழுத்து ஒன்றுதான், இடத்தைப் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்ளும். ஜப்பானியத்தில் அந்த இரண்டும் வேறு வேறு எழுத்து, அர்த்தமே மாறும். சீமைப் பனிச்சைப் பழமும் வீட்டுச் சாவியும் அங்கே இந்த ஒரு ஒலியில்தான் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘ககி’. த, ப, ச எல்லாவற்றுக்கும் இதே கதை. ஜெர்மனுக்கும் இதே கதை.

பதிலுக்கு நம் காது வேறொரு இடத்தில் காப்பாற்றும். குறில், நெடில், ஒற்று இரட்டிப்பது எல்லாம் நமக்குப் பிறவியிலேயே பழக்கம். படு, பாடு, பட்டு, பாட்டு நான்கையும் குழந்தையே பிரித்துக் கேட்கும். ஜப்பானியத்தில் ‘ஒபசன்’ என்றால் அத்தை வயதுப் பெண்மணி, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. ‘கிதே’ என்றால் வந்து, ‘கித்தே’ என்றால் தபால்தலை. இங்கிலீஷ்காரர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். தம்பிக்கு ஒரு நாளில் வந்துவிடும்.

இப்போது போன். நான்கு வேலைக்கு அதைப் பயன்படுத்தச் சொல்வேன்.

சொற்களை மறக்காமல் வைத்துக்கொள்ள அன்கி என்ற ஆப் போதும்: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று அட்டைகளாகப் போட்டுப் படிப்பது. ஆண்ட்ராய்டில் இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். அன்கி என்பதே மனப்பாடம் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்தான். இதன் அடிப்படை பழையது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறக்கப்போகிற சமயத்தில் ஒரு முறை நினைவுபடுத்தினால் அடுத்த மறதி தள்ளிப்போகும். நம் ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டாம்: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டி நிறுத்தினால் வேர் ஆழம் போகாது. கொஞ்சம் காயவிட்டுப் பாய்ச்சினால் பயிர் வேர் பிடிக்கும். எப்போது பாய்ச்ச வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொள்கிற முறைக்காரர்தான் அன்கி.

ஆனால் மற்றவர் செய்து வைத்த ஐயாயிரம் அட்டைகளை இறக்கிக்கொள்ளாதீர்கள். நீங்களே செய்யுங்கள். ஒரு நாளைக்குப் புதிதாகப் பத்து, அதற்கு மேல் வேண்டாம். தனிச் சொல்லாக இல்லாமல் வாக்கியமாகப் போடுங்கள், பின்பக்கம் தமிழில், அந்த வாக்கியத்தின் ஒலியோடு. ஜெர்மன் பெயர்ச்சொல் என்றால் அதன் பாலைக் காட்டுகிற தேர், டீ, தஸ் என்ற மூன்றில் எது என்பதோடு சேர்த்தே எழுதுங்கள். அதற்குத் தமிழ் உதவாது, இங்கிலீஷும் உதவாது, மனப்பாடம்தான். நம் மொழியில் கரண்டியும் மேசையும் அஃறிணை. அங்கே கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. காரணம் தேடி நேரத்தை விடாதீர்கள்.

கேட்பதற்கு: உங்களுக்கு டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் ‘நீகோஸ் வேக்’. ஜெர்மனிக்கு வந்திறங்கியதும் பையைத் தொலைத்துவிடுகிற ஒரு ஸ்பானியப் பையனின் கதை, சின்னச் சின்னப் படங்களாக, ஏ1 முதல் பி1 வரை. முழுக்க இலவசம். தம்பிக்கு ஜப்பான் ஃபவுண்டேஷனின் ‘இரொதொரி’ பாடநூல். ஜப்பானில் போய் வேலை பார்த்து வாழ்வதற்கென்றே எழுதியது. புத்தகமும் ஒலிப்பதிவுகளும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். காரைக்கால் பக்கம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களிலிருந்து பிரெஞ்சு கேட்டும் சிலர் வருவதுண்டு, அவர்களுக்கு ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியைச் சொல்வேன்.

கேட்கிற முறை முக்கியம். முதல் தடவை திரையில் வருகிற எழுத்தைப் பார்க்காமல். இரண்டாவது தடவை ஜெர்மன் எழுத்தோடு. மூன்றாவது மறுபடி எழுத்து இல்லாமல். இங்கிலீஷ் எழுத்தைப் போட்டுவிட்டால் கண் அதை வாசித்துக்கொண்டு போகும், காது தூங்கிவிடும். வேகம் அதிகம் என்று தோன்றினால் 0.75-க்குக் குறைக்கலாம், அதற்கும் கீழே போனால் ஒலி இழுபட்டுக் கெட்டுவிடும்.

செய்தி மட்டும் கேட்டுப் பழகினாலும் ஒரு குறை வரும். சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இல் தொடங்கியது. தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீன அறிவிப்பாளர்கள் பேசுவதை என் அப்பா சிற்றலையில் பிடித்து வைப்பார். அவர்கள் தமிழ் பிழையில்லாத தமிழ். நாங்கள் ஆசையாகக் கேட்போம். ஆனால் அந்தத் தமிழை மட்டும் கற்றவர் குடவாசல் பஸ்ஸில் ஏறினால், ‘செத்த தள்ளி உக்காருங்க’ என்று சொல்வது அவருக்கு எப்படி விளங்கும்? ஜெர்மனியில் உங்களிடம் பேசப்போவது செய்தி வாசிப்பவர் இல்லை, பல் கழற்றி வைத்த எண்பது வயதுப் பாட்டி. அதனால் பி1 வந்ததும் சமையல், தோட்டவேலை, மருத்துவமனை என்று சாதாரண ஆட்கள் பேசுகிற காணொளிகளுக்கு மாறிவிடுங்கள்.

மூன்றாவது வேலை, எனக்கு மிகப் பிடித்தது: குரல் வழித் தட்டச்சு. போன் விசைப்பலகையில் ஜெர்மனைச் சேர்த்து, மைக்கை அழுத்திப் பேசுங்கள். நீங்கள் சொன்னது திரையில் எழுத்தாக வரும். சொன்ன சொல் வந்தால் உச்சரிப்பு தேறியது. வேறு சொல் வந்தால் கோளாறு எங்கே என்று அந்தச் சொல்லே காட்டிவிடும். வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெண் படித்தாள். சமையலறைக்கு ஜெர்மனில் ‘குஹெ’ மாதிரி ஒரு சொல், கேக்குக்கு ‘கூகென்’ மாதிரி ஒரு சொல். அவள் சமையலறை என்று சொல்லச் சொல்ல, போன் கேக் என்றே எழுதிக்கொண்டிருந்தது. பம்புசெட் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து, மோட்டார் நிற்கிற நேரமாகப் பார்த்து, ஒரு சாயங்காலம் முழுக்க முயன்றாள். அவளுக்கு நான் குரல்பதிவில் அனுப்பிய குறிப்பு இவ்வளவுதான்: ‘ஈ’ என்று இழுத்துக்கொண்டே இரு, நாக்கை அசைக்காதே, உதட்டை மட்டும் ‘ஊ’ சொல்கிற மாதிரிக் குவி. வருகிற ஒலிதான் அது. கேக்கில் வருகிற ஒலிக்கு, ‘எஃகு’ என்று சொல்லும்போது ஆய்தத்தில் தொண்டையை உரசிக்கொண்டு வருகிற காற்று மிகப் பக்கம். இரவு ஏழரைக்கு அவளிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது, ஒரே சொல் பதினோரு வரி, முதல் ஏழு வரியும் கேக், கடைசி நான்கும் சமையலறை.

ஒரு எச்சரிக்கை: இதை முழு வாக்கியத்தில் சோதிக்காதீர்கள். வாக்கியமாகப் பேசினால் அந்தக் கருவி முன்பின் சொற்களைப் பார்த்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும், உங்கள் தப்பு மறைந்துவிடும். ஒற்றைச் சொல்லாகச் சொல்லுங்கள்.

நான்காவது, சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற, நாம் சொல்வதற்குப் பதில் சொல்கிற ஏஐ ஆப்கள். இரண்டு வருடமாக என் மாணவர்கள் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள், நல்ல பலன் உண்டு. ‘நீ முதியோர் இல்லத்தில் இருக்கிற கோபக்காரத் தாத்தா, நான் செவிலி, ஏ2 நிலை ஜெர்மனில் மட்டும் பேசு’ என்று தமிழிலேயே சொன்னால் போதும், அந்த வேடத்தில் பேசும். நள்ளிரவில் தப்புத் தப்பாகப் பேசினாலும் அலுத்துக்கொள்ளாது. கூச்சம் உள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. நம் பக்கத்துப் பெண் பிள்ளைகளில் பலருக்கு மொழி தெரியாதது பிரச்சினையே இல்லை, வாயைத் திறந்தால் யாராவது சிரிப்பார்களோ என்பதுதான்.

ஆனால் அது உங்களைப் புரிந்துகொள்ள ரொம்ப மெனக்கெடும். நீங்கள் பாதி சொன்னாலும் மீதியை ஊகித்துப் பதில் சொல்லிவிடும். மனிதர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள், ‘என்ன சொன்னீங்க?’ என்று முகத்தைச் சுளிப்பார்கள். இலக்கணக் காரணம் கேட்டால் சில சமயம் துணிந்து தப்பாகவும் சொல்கிறது. அதனால் விதியை அதனிடம் கேட்காதீர்கள், பாடநூலில் பாருங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தைக் கொடுத்து, ‘திருத்தி எழுதாதே, தப்பு எந்த வரியில் என்று மட்டும் காட்டு’ என்று கேளுங்கள். திருத்துவது உங்கள் வேலை. ஜெர்மன் சொல்லில் சந்தேகம் வந்தால் தூடன் அகராதியின் இணையதளம், ஜப்பானியத்துக்கு ஜிஷோ. இரண்டும் இலவசம்.

விளையாட்டு மாதிரிப் படிக்கிற ஆப்களைப் பற்றிச் சொல்லவில்லையே என்று தோன்றலாம். எழுத்துப் பழகவும் முதல் மாதத்து ஆர்வத்துக்கும் அவை நல்லவை. ஆனால் ஒரு நாள்கூட விடாமல் ஒன்றரை வருடம் அப்படி ஒரு ஆப்பில் படித்த பையன் என்னிடம் வந்தான். ‘நேற்று என்ன செய்தாய்?’ என்று ஜெர்மனில் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. நான்கு விடை காட்டினால் சரியானதைத் தொடுவான், விடை காட்டாமல் கேட்டால் வாய் வரவில்லை. அவன் உழைப்பில் குறை இல்லை. தொடுவதற்குப் பழகிய விரல் அது, சொல்லுவதற்கு வாயைப் பழக்க யாரும் இல்லை.

இங்கேதான் ஆள் தேவைப்படுகிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு அப்போது 23 வயது. தமிழுக்கு அவரிடம் அகராதி இல்லை, அச்சுப் புத்தகம் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். ஐரோப்பிய மொழி தெரிந்த ஒரு தமிழ்த் துபாஷியும் துணைக்கு இருந்தார். பத்து வருடத்தில், 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலேயில் அச்சானது. மணல் இருந்த இடத்தில் இன்று போன் இருக்கிறது. வாத்தியாரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துத் திருத்திய பிள்ளைகளும் இருந்த இடம் காலியாக இருக்கக் கூடாது.

தேர்வும் அதையேதான் கேட்கிறது. கதே நிறுவனத்தின் பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எழுத வேண்டும் என்றில்லை, தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். ஆப்பில் மட்டும் படித்தவர்கள் முதல் இரண்டில் தேறி, பின் இரண்டில் விழுவதை வருடா வருடம் பார்க்கிறேன். ஜப்பானியத்தில் நிலைமை தலைகீழ். என்5, என்4 என்று நிலை தருகிற, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிற ஜேஎல்பிடி தேர்வில் பேச்சே கிடையாது, கட்டுரையும் கிடையாது. அதனால் தம்பி என்4 தேறிவிடுவான், வேலைக்கு எடுக்கிற நேர்காணலில் மாட்டிக்கொள்வான். 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்கு, பெரும்பாலான வேலைகளில், மொழித் தகுதியாக என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற கணினித் தேர்வு, இரண்டில் ஒன்று போதும். முதியோர் பராமரிப்பு வேலை என்றால் அதற்கான மொழித் தேர்வு ஒன்று கூடுதலாக உண்டு.

எனவே ஏ2 முடிகிற சமயத்தில் ஒரு ஆசிரியரைப் பிடியுங்கள். தினசரி வகுப்பு வேண்டாம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆன்லைனில் போதும், பேச்சுக்கும் எழுத்துக்கும் மட்டும். முதலிலிருந்து முழுக் கட்டணம் கட்டுவதைவிடச் செலவு பல மடங்கு குறையும். நான் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வீடியோ வகுப்பைக் குறைத்துவிட்டேன். மழைக்காலத்தில் சிக்னல் போய்விடும், கரண்டும் போய்விடும். அதற்குப் பதில் வாட்ஸ்அப் குரல்பதிவு: காலையில் நான் ஒரு கேள்வி அனுப்புவேன், அவர்கள் இரவுக்குள் ஒரு நிமிடம் பேசி அனுப்ப வேண்டும், எழுதி வைத்து வாசிக்கக் கூடாது. மறுநாள் நான் தப்பு இருக்கிற இடத்தை மட்டும் திருப்பிச் சொல்லி அனுப்புவேன். டேட்டா கொஞ்சம்தான் ஆகும். கூச்சமும் குறைகிறது, ஏனென்றால் அனுப்புவதற்கு முன்னால் நாலு தடவை அழித்துப் பேசிப் பார்க்கலாம். அந்த நாலு தடவையில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது. உங்கள் மருத்துவமனையில் ஜெர்மன் படிக்கிற இன்னும் இரண்டு செவிலியர் இருந்தால் நீங்களே இதை ஆரம்பித்துவிடலாம், ஆசிரியர் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக அந்த ஒரே போன். அன்கிக்கு நெட் வேண்டாம் என்பதால் தம்பி விடிகாலையில் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளட்டும். பாடங்களின் ஒலியை வாரம் ஒரு முறை மொத்தமாக இறக்கி ஒரு மெமரி கார்டில் போட்டு, வீட்டில் கிடக்கிற பழைய பட்டன் போனில் மாற்றிக்கொள்ளுங்கள். பட்டன் போன்களில் பல, பாட்டுக் கேட்கும் வசதியோடுதான் வருகின்றன. திருவாரூர் போகிற பஸ்ஸில் உங்களுக்கு அது போதும், நல்ல போன் அந்த நேரத்தில் தம்பியிடம் இருக்கும். இரவு எட்டுக்கு மேல் நல்ல போன் உங்களுக்கு, பேச்சுக்கும் குரல்பதிவுக்கும். எழுதுவதற்கு இரண்டு பேரும் நோட்டையே பயன்படுத்துங்கள். தம்பி ஹிரகனாவைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுதட்டும். நீங்கள் முதல் பக்கத்தில் உடம்பின் பாகங்களை எழுதி, ஒவ்வொன்றோடும் ‘எனக்கு வலிக்குது’ வாக்கியத்தைச் சேர்த்து ஆரம்பியுங்கள். முப்பது வாக்கியம் வரும். அது முடிந்ததும் அதே முப்பதையும் ‘உங்களுக்கு வலிக்குதா?’ என்று மாற்றி எழுதுங்கள்.